களவு போன பெட்டிக்குக் காய்ச்சல்

அத்தியாயம் ஐந்து

“கொஞ்சம் மெதுவா பேசுங்க. அம்மா குசினியில சமைச்சுக்கிட்டு இருக்காங்க. களவு போனது அவங்களுக்குத் தெரியாது” என்று டினேஷ் காதோடு காதாகச் சொன்னான்.

“எங்களுக்கே இன்னும் தெரியாதே! என்ன போச்சுன்னு சொல்லுங்க, நாங்களும் மெதுவா அதிர்ச்சியாகுறோம்” என்றான் துஷாந்த்.

துஷாந்துக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹட்டனில் தையல் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் சண்முகவடிவு அவனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டது மூளைக்காக இல்லை, அவனிடம் ஆட்டோ இருந்ததற்காக. இதை அவள் ஒருநாளும் ஒளித்ததில்லை. அவனும் வருத்தப்பட்டதில்லை. ஊரே சண்முகவடிவு என்று நீட்டி முழக்க, அவன் மட்டும் வடிவக்கா என்று சுருக்கிக்கொள்வான். பெட்ரோலோடு சேர்த்து மூச்சும் மிச்சமாம்.

பொகவந்தலாவை பஜாரைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போனால், லயத்து வரிசை வீடுகளைவிட்டு வந்தவர்கள் கட்டிய புதுத் தனி வீடுகள். அதில் ஒன்று டினேஷுடையது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வெளியே ஆடிக் காற்று கூரைத் தகரத்தைக் கழற்றியே தீருவேன் என்று நின்றது. டினேஷ் கல்யாண வீடியோ எடுப்பவன். ஊரார் சிரிப்பதையெல்லாம் படம் பிடித்துச் சம்பாதிக்கிறவன் அன்றைக்கு அழுதுவிடுகிற மாதிரி நின்றான்.

“என் பெட்டி போச்சு மேடம். நெட்வேர்க் ஸ்டோரேஜ்.”

“விளங்குற மாதிரி சொல்லுங்க தம்பி. துஷாந்துக்கு விளங்கிட்டா எனக்கும் விளங்கிரும், அதுதான் அளவு” என்றாள் வடிவக்கா.

“வீடியோ மலை மாதிரி சேருது மேடம். லாப்டொப்ல எடம் பத்தல. அதனால டிஸ்க் போட்ட ஒரு பெட்டி வாங்கி வீட்டு வைஃபையில கோர்த்துட்டேன். நெட் வயர்கூட வேணாம், கரண்ட்ல மாட்டினா தானா எழும்பிக்கும். வீட்டுக்குள்ள எங்க இருந்தும், ஃபோன்லயோ லாப்டொப்லயோ, உள்ளுக்குப் போடலாம், எடுக்கலாம். நமக்குன்னே சொந்தமா ஒரு கிளவுட்.”

“கிளவுட்டுன்னா மேகம்தானே? ஜன்னலைத் தொறந்தா சும்மாவே உள்ளுக்கு வருதே. அதுக்குப் போயி பெட்டி வாங்குனீங்களா?”

டினேஷ் சிரிக்கவில்லை. “உள்ளுக்கு ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு செத்தாலும் மத்ததுல எல்லாம் அப்படியே இருக்கும். ஒண்ணுமே தொலையாது.”

“ரெண்டையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போனா?” என்று வடிவக்கா கேட்டாள்.

பெட்டி வாங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் டினேஷிடம் கேட்டிருக்கவில்லை.

விஷயம் பெட்டியோடு நிற்கவில்லை. டினேஷுக்கும் ஜெயந்தினிக்கும் ஒருவரையொருவர் பிடித்துப் போயிருந்தது. ஜெயந்தினியின் அப்பா பொன்னையா, தேயிலை மலையில் வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கொழுந்து நிறுக்கும்போது தராசை முறைத்து முறைத்துப் பழகிய கண் அவருக்கு. மாப்பிள்ளையையும் அப்படித்தான் பார்த்தார். அவருடைய மூத்த மகள் லோஜினியின் கல்யாணத்தை எடுத்தவன் டினேஷ்தான். இந்தா அந்தா என்று இன்றுவரை வீடியோவைக் கையில் கொடுக்கவில்லை. “கல்யாண வீடியோவையே ஒழுங்கா வச்சிக் குடுக்கத் தெரியாதவன் கையில இன்னொரு பொண்ணைக் குடுக்கச் சொல்றியா?” என்று மகளிடம் கேட்டுவிட்டார். கடைசியில் ஜெயந்தினி அழுது ஒற்றைக் காலில் நின்றதில் கொஞ்சம் இறங்கி வந்தார். இன்றைக்குப் பின்னேரம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார். வீடியோவைப் போட்டுக் காட்டினால் சம்பந்தப் பேச்சு. இல்லையென்றால் பால் இல்லாத பிளேன்டித் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

“நேத்து நானு ஹட்டன்ல ஒரு ஃபங்ஷன். அங்கேயே தங்கிட்டு காலையில வந்து பாத்தா ராக்கையில பெட்டி இல்ல. லோஜினி கல்யாணம் பூரா அதுக்குள்ளதான் மேடம் இருக்கு. கமராக் கார்டை எல்லாம் அழிச்சிட்டேன். அதான் பெட்டியில இருக்கேன்னு...” டினேஷ் வெறுங்கையை விரித்துக் காட்டினான்.

துஷாந்துக்கே பாவமாகப் போய்விட்டது. நக்கல் ஒன்று தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக் கதவு திறந்து டினேஷின் அம்மா இராசம்மா பிளேன்டித் தட்டோடு வந்தாள். இன்றைக்கு அவள் பெரட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் அந்த இடத்துக்கு இராசம்மா போகவில்லை என்றால் வீட்டில் பெரிய காரியம் என்று தோட்டத்துக்கே தெரியும்.

“யாரு மகேன் இவங்க?”

“கஸ்டமர்மா! கல்யாண ஆல்பம் பாக்க வந்திருக்காங்க” என்று டினேஷ் அவசரமாகச் சொன்னான்.

“யாருக்குக் கல்யாணம்?”

வடிவக்கா கண்ணை இமைக்காமல் துஷாந்தைக் காட்டினாள். “இந்தத் தம்பிக்குத்தாங்க.”

துஷாந்துக்குப் பிளேன்டி மூக்கில் ஏறியது. அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தவர்கள் எல்லாம் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்ட சமயம் அது.

“பொண்ணு எந்தத் தோட்டம் தம்பி?”

“வட்... வட்டவளைங்க.”

“என்ன வேலை செய்யிது?”

“இன்னும் முடிவு பண்ணலைங்க.”

இராசம்மா அவனை இரக்கத்தோடு பார்த்தாள். “சரி, குடிச்சிட்டு இருங்க. குசினிப் பக்கம் மட்டும் வந்துறாதீங்க. சம்பந்தக்காரங்க வாராங்க, எல்லாம் பரத்திப் போட்டுக் கெடக்கு.” கதவு மூடிக்கொண்டது.

வடிவக்கா சுவர்த் தட்டான அந்த ராக்கைக்குப் போனாள். பெட்டி இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாக இருந்தது. அந்தச் சதுரத்தின் ஓரத்தில் அவள் விரலை வைத்து எடுத்தாள். விரலில் மஞ்சள் மயிர் ஒட்டியிருந்தது.

“கள்ளன் தலைக்கு டை அடிச்சிருக்கான்” என்றான் துஷாந்த்.

“அது பிளாஷ். எங்க வீட்டுப் பூனை. பெட்டி வந்த நாளுல இருந்து அது மேலதான் படுக்கும்” என்று டினேஷ் சொன்னான்.

அடுத்ததாக வடிவக்கா சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். பார்த்ததும் புன்னகைத்தாள். அவள் புன்னகைத்தால் துஷாந்த் செருப்பை இறுக்கிக்கொள்வான். ஏனென்றால் அடுத்து அவனை எங்காவது ஓடவிடுவாள்.

“துஷாந்த், நீ கள்ளனா இருந்தா பெட்டியை எப்படித் தூக்குவே?”

“பிளக்கைப் புடுங்குவேன், ஓடுவேன்.”

“ஸ்விட்ச்சை ஓஃப் பண்ணுவியா?”

துஷாந்த் எட்டிப் பார்த்தான். ஸ்விட்ச் அழகாக அணைக்கப்பட்டிருந்தது. “கரண்ட் பில்லுக்குப் பயந்த கள்ளனா இருக்கானே!”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன். தம்பி, அந்தப் பெட்டியில உள்ள படத்தை ஃபோன்ல தொறந்து காட்டுங்க.”

டினேஷ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “பெட்டியே இல்லையே மேடம். எப்படித் தொறக்கிறது?”

“தொறந்து பாத்தீங்களா?”

“இல்ல. பெட்டிதான் போயிருச்சே.”

“தொறங்க.”

டினேஷ் சலிப்போடு ஃபோனைத் தட்டினான். அடுத்த கணம் ஃபோனைக் கீழே போடப் பார்த்தான். லோஜினி மணவறையில் உட்கார்ந்திருந்தாள். லோஜினி மாலை மாற்றினாள். லோஜினியின் மாப்பிள்ளை லட்டை வாயில் வைத்துக்கொண்டு விழித்தார். எல்லாம் வந்தது.

“களவு போன சாமான் வேலை செய்யிது! இப்படி ஒரு கள்ளன் கெடைக்கக் குடுத்து வைக்கணும்” என்று துஷாந்த் கத்தினான். குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, அதையே மெதுவாக இன்னொருமுறை சொன்னான்.

“படம் வருதுன்னா பெட்டிக்குக் கரண்ட் இருக்கு. இந்த வீட்டு வைஃபையும் எட்டுது. அப்ப அது இந்த மலையைத் தாண்டல. இந்த வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோதான் இருக்கு” என்றாள் வடிவக்கா. “மேல என்னமோ சிவப்பா எழுதியிருக்கே, அது என்ன?”

டினேஷ் வாசித்தான். “பெட்டி அனுப்புன மெசேஜ் மேடம். சூடு அதிகமாம். ராத்திரியில இருந்து அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. இப்படியே ஏறினா தானா நின்னுரும். ரொம்பச் சுட்டா டிஸ்க்கும் போயிரும்!”

“களவு போன பெட்டிக்குக் காய்ச்சல்” என்றான் துஷாந்த். “கடத்திட்டுப் போனவன் ரெண்டு பெனடோல் குடுக்கக் கூடாதா?”

“சிரிக்காத. இந்தக் குளிர்ல நம்ம கையே வெறைச்சுக் கெடக்கு. பெட்டி மட்டும் எப்படிச் சுடும்? யாரோ அதைப் போர்த்தி வச்சிருக்காங்க. எதுக்குன்னு தெரியல. ஆனா எங்கன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கு.” வடிவக்கா விரலில் இருந்த மஞ்சள் மயிரைத் தூக்கிக் காட்டினாள். “சூட்டுக்குப் பழகின ஆள். பூனை எங்க?”

மின்னல் என்ற நினைப்பில் பிளாஷ் என்று பெயர் வைத்தவன் டினேஷ். அந்தப் பூனை பிறந்ததிலிருந்து ஒருதரமும் வேகமாகப் போனதில்லை. ஆனால் துஷாந்த் துரத்தப் போகிறான் என்றதும் அதற்குத் தன் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. கொல்லைப்புறத்துக் கல்லில் இருந்து பாய்ந்தது. தேயிலைச் செடிக்குள் நுழைந்தது. பின்னாலேயே துஷாந்தும் நுழைந்தான். பூனை செடிக்கு அடியால் போனது. துஷாந்த் செடி வழியாகவே போனான். தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒரு கால் போய்ச் செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. வெளியே வந்தபோது அவன் தலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நல்ல கொழுந்து இருந்தது.

பூனை நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது.

“மாட்டிக்கிட்டான்!” என்று டினேஷ் பல்லைக் கடித்தான். “சின்னத்தம்பி அண்ணன்! நானு பாட்டுப் போட்டு எடிட் பண்றது அவருக்கு ஆகவே ஆகாது. பெட்டியை உடைக்கிறேன்னு போன மாசமே சத்தம் போட்டாரு.”

சின்னத்தம்பி கதவைத் திறந்தார். வாசலில் ஓர் அம்மாள், பக்கத்து வீட்டுப் பையன், தலையில் கொழுந்து முளைத்த ஒற்றைச் செருப்புக்காரன். மூன்று பேரையும் பார்த்தார். வடிவக்கா ஒன்றுமே கேட்கவில்லை. சும்மா பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஹட்டனில் பெரிய பெரிய ஆட்களே உருகியிருக்கிறார்கள்.

“சொல்லிர்றேங்க” என்றார் சின்னத்தம்பி. “ஒங்க வைஃபையிலதான் நானு தினமும் நாடகம் பாக்குறேன். பாஸ்வேர்டு பூனை பேருதான்னு கண்டுபுடிச்சிட்டேன். தெரியாம செஞ்சிட்டேன், வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க!”

“பெட்டி?” என்று டினேஷ் கத்தினான்.

“என்ன பெட்டி? கருவாட்டுப் பெட்டியா? ஒங்க பூனை அதுக்குள்ளதான் தலையை விட்டுருக்கு.”

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. பிளாஷ் நெத்தலிக் கருவாட்டுப் பெட்டிக்குள் கழுத்துவரை போயிருந்தது. வீடு முழுக்கத் தேடியும் டினேஷின் பெட்டி இல்லை. துப்பு கருவாடாகிப் போனதே என்று துஷாந்த் வடிவக்காவைப் பார்த்தான். அவளோ வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது பசிக்கு வந்த எடம். அது படுக்கிற எடம் வேற. இருங்க, மழை வரட்டும்.”

பொகவந்தலாவையில் மழைக்காகக் காத்திருப்பது ஒரு பெரிய வேலையில்லை. சடசடவென்று கொட்டியது. நனைந்த பூனை நடுங்கிக்கொண்டு டினேஷ் வீட்டுக்கு ஓடியது. ராக்கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே குசினிக் கதவடியில் போய் நின்று, திறக்கச் சொல்லிக் கத்தியது. கதவு கொஞ்சம் திறந்தது. பூனை உள்ளே போனது. கதவு மூடியது.

மூன்று பேரும் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார்கள். டினேஷ் காலையிலிருந்து வீடு முழுக்கத் தேடியிருந்தான். கட்டிலுக்கடியில், கூரைக்குள், கோழிக்கூட்டில்கூட. குசினிக்குள் மட்டும் போகவில்லை. வடிவக்கா அவனைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

குசினி மூலையில், பிளக்குக்குப் பக்கத்தில், சிவப்புக் கம்பளிப் பொட்டலம் ஒன்று குந்தியிருந்தது. அதன் மேல் பிளாஷ் கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருந்தது. வடிவக்கா பூனையைத் தூக்கித் துஷாந்திடம் கொடுத்துவிட்டுக் கம்பளியை விலக்கினாள். உள்ளே ஒரு பெரிய சட்டி. சட்டி நிறையத் தோசை மாவு, நுரைத்துப் பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. சட்டிக்கு அடியில், பச்சை விளக்கு மினுங்க, டினேஷின் பெட்டி.

“அம்மா!”

“ஏன்டா கத்துறே? மாவு அமுங்கிரும்” என்றாள் இராசம்மா.

“இது என்னான்னு தெரியுமாம்மா?”

“எனக்கு என்னா தெரியும்? பூனை ஏன் அதுமேலயே படுக்குதுன்னு ஒருநாள் தொட்டுப் பாத்தேன். கதகதன்னு இருந்திச்சு. லயத்துல இருந்தப்ப விறகடுப்பு ஓரமா வச்சா மாவு விடியக்குள்ள பொங்கிரும். நீ இங்கன கேஸ் அடுப்பு வாங்கி வச்சிருக்கே, அணைச்சா மறுநிமிசம் ஐஸ். மொதல்ல ஒனக்குச் சம்பந்தம் பேச வந்தாங்களே, அவங்களுக்குப் பொங்காத மாவுல தோசை சுட்டுப் போட்டேன். கல்லு மாதிரி இருந்திச்சு. போனவங்க திரும்பி வந்தாங்களா? இந்தத் தடவையும் அப்படி ஆயிரக் கூடாதுன்னு நானு ராத்திரி பூரா முழிச்சிருந்து போர்த்தி வச்சிருக்கேன்!” சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கிவிட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?”

டினேஷ் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். கை சுட்டது. அதே நேரம் பெட்டி ‘டிக்’ என்றது. பச்சை விளக்கு சிவப்பானது. சிவப்பும் அணைந்தது.

“நின்னுருச்சு” என்றான் டினேஷ். உயிர் போனவனைப் போல நின்றான்.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. “வீட்டுல யாருங்க?” பொன்னையாவின் குரல்.

துஷாந்த் வாழ்க்கையில் முதல்முறையாக மூளையைப் பயன்படுத்தினான். குசினி ஜன்னலை அகலத் திறந்தான். மழைச்சாரல் எட்டாத கூரை நீட்டலுக்குக் கீழே, வெள்ளை மேகம் குபுகுபுவென்று உள்ளே வந்தது. பெட்டியை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தான். “ஒங்க கிளவுட்டை எங்க கிளவுட் பாத்துக்கும். நீங்க போயி மாமனாரைப் பாருங்க.”

வடிவக்கா வாசலுக்குப் போய்ப் பொன்னையாவை வரவேற்றாள். இராசம்மா தோசைக் கல்லை ஏற்றினாள். பொன்னையா சோபாவில் உட்கார்ந்ததுமே கேட்டார்: “வீடியோ எங்க தம்பி?”

“மொதல்ல சாப்பிடுங்க ஐயா” என்றான் டினேஷ்.

தோசை வந்தது. பொன்னையா விரலால் அழுத்திப் பார்த்தார். எதையும் சோதிக்காமல் வாயில் வைக்கிற ஆள் இல்லை அவர். தோசை பஞ்சாக அமுங்கி எழுந்தது. தின்று முடித்துத் தட்டை நீட்டினார். மறுபடியும் நீட்டினார். ஜன்னலடியில் துஷாந்த் ஒரு கையில் பூனையும் மறு கையில் விசிறியாக முறத்தட்டுமாக, குளிரில் பல் கிட்டிக்க நின்றான். பெட்டி ஆறியது. கரண்டில் மாட்டினான். அவன் வீட்டுக் கல்யாணமே அதற்குள் இருப்பதுபோல் விளக்கையே பார்த்தான். சிவப்பு வந்தது. பச்சை வந்தது.

“போட்டுக்கங்க!” என்று கூவினான்.

டீவியில் லோஜினி வந்தாள். பொன்னையா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தாலி கட்டியபோதும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு மகளை அனுப்பிவைக்கிற இடம் வந்தது. திரையில், வேனுக்குப் பின்னால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் சால்வையால் வாயைப் பொத்திக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மலையையே அதட்டிய கண்டாக்கையா.

டினேஷ் பயந்துபோய் ரிமோட்டைத் தேடினான். “அதை வெட்டிர்றேன் ஐயா.”

“வெட்டாத” என்றார் பொன்னையா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னொரு தடவை போடு.”

இன்னொரு தடவை பார்த்து முடித்ததும் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கையில் வாங்கி, கூடையை நிறுக்கிற மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இதுக்குள்ளதானா இருக்கு?”

“ஆமாங்க ஐயா.”

“வேற எங்கயும் இல்லையா?”

டினேஷ் தலையைக் குனிந்தான். “இல்லைங்க.”

“அது சரியில்ல. எம் மகளை ஒரே எடத்துல வச்சா அந்த எடத்துக்கு ஒண்ணு ஆனா என்னா செய்வே? இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி எங்க வீட்டுலயும் வையி. வாரா வாரம் நீயே வந்து இதுல உள்ளதை அதுல போட்டுட்டுப் போ.” கொஞ்சம் யோசித்தார். “ஜெயந்தினியும் பாத்துக்குவா. எப்படியும் பழகிக்கத்தானே வேணும்.”

டினேஷுக்கு அது சம்மதம் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் வடிவக்காவின் காலில் விழப்போய், பூனையின் வாலை மிதித்து, துஷாந்தின் மேல் விழுந்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவே இராசம்மா பொன்னையாவின் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ பெரிய விஷயம் கேட்கப்போகிறவள் போலச் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

“சம்பந்தி, ஒங்க வீட்டுல வைக்கிற பெட்டி இதைவிடப் பெருசா இருந்தா நல்லதுங்க.”

“ஏன் தங்கச்சி? நெறைய வீடியோ புடிக்கவா?”

“இல்லைங்க” என்றாள் இராசம்மா. “கல்யாணத்துக்கு இட்லி மாவு வைக்கணும்.”